சிவப்புப் பட்டை

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், சந்துக்குள் இருந்த அந்த வீட்டுச் சுவர் சுண்ணாம்பைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் ஃபராஸின் கம்ப்யூட்டர் திரை மட்டும் வாரத்துக்கு ஒரு நிறம் மாறும். லினக்ஸ் போட்டு, எழுத்து, ஐகான், ஜன்னல் ஓரம், கடிகாரம் என்று ஒன்று விடாமல் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தான். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அந்த அழகுக்கு ஒரே இடைஞ்சல், திரையின் உச்சியில் இருந்த பட்டை. அது அத்தாவுக்காக வைத்தது.

அத்தா நூர் முஹம்மது, கோடம்பாக்கத்தில் முப்பது வருஷம் லைட்மேனாக இருந்தவர். நுரையீரல் கெட்டுப் படுத்து எட்டு மாதம். மூச்சு முட்டினால் உடனே நெபுலைசர் மாஸ்கை மாட்டிவிட வேண்டும். குரல் கொடுத்துக் கூப்பிட அவருக்குத் தெம்பு கிடையாது. பக்கத்து அறையில் ஃபராஸோ காதில் ஹெட்செட்டோடு எந்த ஊர்க்காரனுக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அதுதான் அவன் வேலை. மணி அடித்தாலும் கேட்காது. அதனால் ஒரு பழைய மவுஸின் ஒயரை நீட்டி, சுவரில் ஓட்டை போட்டு, அத்தாவின் கைக்குள் கொடுத்துவிட்டான். அவர் அமுக்கினால் பட்டை சிவப்பாகி 'அத்தா கூப்பிடுகிறார்' என்று காட்டும். ஓடிப்போய்க் கவனித்துவிட்டு வந்து 'வந்துட்டேன்' என்ற பொத்தானை அமுக்கும் வரை அது அணையாது. டாக்டரிடம் காட்டுவதற்காக, அமுக்கிய நேரமெல்லாம் தனியாகப் பதிவாகிக்கொண்டும் இருக்கும்.

திரைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று முதலில் வெளிர் நீலத்தில்தான் செய்தான். அத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

"செவப்பா போடு நைனா. ஸ்டுடியோல செவப்பு லைட் எரிஞ்சா எவனும் உள்ள வரக் கூடாது. இங்க எரிஞ்சா நீ உள்ள வரணும்."

மூன்று தடவை மூச்சு வாங்கி இதைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நெபுலைசர் மருந்து தீரப்போகிறது என்று அம்மா ஜஹீதா ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்பினாள்.

"நான் வர்ற வரைக்கும் அத்தாவ பாத்துக்கடா."

"இங்கதானம்மா கீறேன். போய்ட்டு வா."

அவன் சொன்னது பொய்யில்லை. அங்கேதான் இருந்தான்.

திரையை அலங்கரிக்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. மாதாமாதம் போட்டி நடக்கும். அவரவர் திரையைப் படம் பிடித்துப் போட, மற்றவர்கள் இதயம் குத்துவார்கள். நாலு மாதமாக முயன்றும் ஃபராஸுக்கு முதலிடம் கிடைக்கவில்லை. இந்த முறை கடல் பச்சையில் இழைத்து இழைத்துச் செய்து, போடுவதற்கு முன்னால் கூட்டாளி ஜைத்துக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது.

"மச்சி, எல்லாம் அம்சமா கீது. மேல அந்தப் பட்டை மட்டும் இன்னாத்துக்கு? தூக்கு அத."

ரெண்டு நிமிஷம்தானே என்று நினைத்தான் பாவி. பட்டையைக் காட்டும் நிரல் வரியின் முன்னால் ஒரு # குறியைப் போட்டான். குறி போட்டால் அந்த வரி தூங்கிவிடும், எடுத்தால் விழித்துக்கொள்ளும். பட்டை மறைந்தது. திரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. படம் பிடித்துப் போட்டபோது, படத்தின் மூலையில் கடிகாரம் 4.10 காட்டியது.

இதயங்கள் வர ஆரம்பித்தன. பத்து, முப்பது, எழுபது. பிரேசில்காரன் ஒருவன் எப்படிச் செய்தாய் என்று கேட்டான். ஃபராஸ் ஹெட்செட்டில் பாட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினான். குறியை எடுக்க வேண்டும் என்பது அவனுக்கு நினைவே இல்லை.

தோளை யாரோ பிடித்து உலுக்கினார்கள். திரும்பினால் அம்மா. கையில் மருந்துப் பை அப்படியே இருந்தது.

"அத்தா எழுந்திரிக்க மாட்டேங்கறாருடா."

அன்றிரவே அடக்கம் முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள், நல்ல மௌத்து, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் ஒரே விஷயத்தைச் சொன்னாள்.

"மவுசு கையிலயேதான் இருந்திச்சி. லீவு நாள்ல புள்ள நிம்மதியா இருக்கட்டும்னு அமுக்காமலே போய்ட்டாரு. அவரு மனசு யாருக்கு வரும்."

மூன்று நாள் ஃபராஸ் இதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க, அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று அல்லாவிடம் கெஞ்சினான். உண்மையிலேயே அத்தா அமுக்காமல் இருந்திருக்கலாம். தூங்கியிருக்கலாம். தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தான். அந்த வரியைத் தேடிப்பிடித்து, குறியை எடுத்தான்.

பட்டை சிவப்பாக வந்தது. அன்றைக்குத் தூங்கியது அதைக் காட்டும் வரி மட்டும்தான். பதிவாகிற வேலை பின்னால் நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. 'அத்தா கூப்பிடுகிறார். 19 முறை. முதல் அழைப்பு 4.12. கடைசி அழைப்பு 4.31.' ஓரத்தில் 'வந்துட்டேன்' பொத்தான் காத்திருந்தது.

பத்தொன்பது நிமிஷம். நடுவில் ஒரு செங்கல் சுவர். பொத்தானுக்கு ஃபராஸின் விரல் போகவில்லை. அமுக்கினால் அது எத்தனை பெரிய பொய்.

டீ எடுத்துக்கொண்டு வந்த ஜஹீதா வாசற்படியிலேயே சிவப்பைப் பார்த்தாள். எட்டு மாதப் பழக்கம். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்து அறையைப் பார்த்து இரண்டு எட்டு ஓடினாள். காலிக் கட்டிலைப் பார்த்து நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி வந்தாள்.

"இன்னாடா இது, செவப்பா கீது?"

திரையை அணைத்துவிட அவனுக்கு நேரம் இருந்தது. அணைக்கவில்லை. எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டான். ஜஹீதா உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரைமேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.