சரிகையின் கனம்

மாரெட்பள்ளியில் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறைகளைப் பிடித்து, வாசலில் ‘நிறுவனர், தலைவர், தலைமைச் செயல் அதிகாரி’ என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தார் பாலசுப்ரமணியன். இத்தனை பதவிகளும் சேர்ந்து தலைமை தாங்கியது ஒரே ஓர் ஊழியருக்கு: ஆம்பூரிலிருந்து வந்த நஸ்ரின், வெப் பக்கம் வடிவமைப்பவள். அதில் அவருக்கு வெட்கமொன்றும் இல்லை. இரண்டாயிரத்தொன்றில் ஹைதராபாத்தில் இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவர்கூட விசிட்டிங் கார்டு வைத்திருந்தார்.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தொடங்கியது ஹைதராபாத் தமிழர்களுக்கான கல்யாண வெப்சைட். வரும் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்க மண்டபத்தில் அதைத் திறந்து காட்ட வேண்டும். படங்கள் ஒழுங்காக வந்தால் சங்கத்துக் குடும்பங்கள் எல்லாம் இவர் பக்கம். வராவிட்டால் அவர்கள் பழையபடி ஜாதகத்தை மஞ்சள் கவரில் போட்டுக் கைமாற்றிக்கொள்வார்கள்; பித்தளைப் பலகை பழைய பாத்திரக்காரனிடம் போகும்.

படங்கள் வரவில்லை. அதுதான் சங்கடம். ஒவ்வொரு பெண்ணும் ஸ்டூடியோத் தூணருகே, காஞ்சிப் பட்டில், தலை முதல் கால் வரை நின்றாள். ஸ்கேனரில் எடுத்ததை அப்படியே பக்கத்தில் போட்டிருந்தது. டெலிபோன் லைன் வழியாக அது மேலிருந்து கீழே, கோடு கோடாக இறங்கும். முதலில் திரைச்சீலை. அப்புறம் வகிடு. நெற்றிப்பொட்டு தெரிவதற்குள் லைன் அறுந்துவிடும். வகிட்டைப் பார்த்துச் சம்மதிக்கிற மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

பாலசுப்ரமணியன் ஒரு பத்திரிகையில் படித்தார்: ‘ஜேபெக்’ என்றொரு வகைக்கு மாற்றினால் படம் இளைக்கும். ஸ்டோர்ஸில் லேபிளை மாற்றினால் சரக்கு மாறிவிட்டதாகவே கணக்கு. அந்தப் பழக்கத்தில், ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் வாலை வெட்டி ஜேபெக் என்று ஒட்டினார். நஸ்ரினிடம் சொல்லவில்லை. சங்கச் செயலாளருக்கு மட்டும் போன் போட்டு, “நவீனமயமாக்கல் முடிஞ்சது” என்று அறிவித்தார்.

மறுநாள் பக்கத்தைத் திறந்தார். திரைச்சீலை வந்தது. வகிடு வந்தது. லைன் அறுந்தது.

நஸ்ரின் ஃபைல்களைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. “எங்க மாமா பேரு சின்னா சார். ஆட்டோல ஏறுனா டிரைவரு எறங்கிக்கணும்.”

“சிரிக்காதம்மா. ஞாயித்துக்கெழம என் மானம் போயிடும்.”

“போகாது. ஆனா பொடவைய வெட்டணும்.”

“எந்தப் புடவையை?”

“எல்லாப் பொடவையும்தான். சுருக்கறதுன்னா கண்ணுக்குத் தேவைப்படாதத விட்டுடறது சார். வெறும் செவுத்த ‘இங்கேருந்து அங்க வரைக்கும் வெள்ளை’ன்னு ஒரே வார்த்தைல சொல்லிடலாம். சரிகைய அப்படிச் சொல்ல முடியாது. இழை இழையா சொல்லணும். முகத்தவிட முந்தானைதான் கனம்.”

“பெத்தவா என்னைக் கொன்னுடுவா.”

“லைன் அறுந்தா மட்டும் மாலை போடுவாங்களா?”

தலைமைச் செயல் அதிகாரி அடுத்த சில நாட்கள் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மேற்பார்வை என்று அதற்குப் பெயர். உண்மையில் அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் படத்தையும் ஒரே அளவில் அமுக்கிவிட ஒரு வழி இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு முகமாக எடுத்தாள். கழுத்துக்குக் கீழே வெட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தரத்தைக் குறைத்தாள். கன்னத்தில் கட்டம் கட்டமாகத் திட்டு விழுந்ததும், அல்லது மூக்குத்தியின் மினுக்கு செத்ததும், ஒரு படி பின்வாங்கி அங்கேயே நிறுத்தினாள். தராசு முள்ளைப் பார்க்கிற நகைக்கடைக்காரனுக்குக்கூட இத்தனை நிதானம் கிடையாது.

“அப்படியே இந்தப் பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்கிடேன்” என்றார் அவர்.

“சுருக்கத்தான் சார் வந்தேன். வெள்ளையடிக்க இல்ல.”

அதற்கு மேல் மேற்பார்வை நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரே மானிட்டரைச் சுற்றி சங்கமே நெருக்கியடித்தது. செயலாளர் சுப்பிரமணியம், திருநெல்வேலிக்காரர், மனைவி அலமு, மகள் சுமதியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, “மொதல்ல எம்மவ படத்தத் தெறவும்” என்று உத்தரவு போட்டார். நஸ்ரின் திறந்தாள்.

வகிடு வரவில்லை. முழு முகமும் ஒரேயடியாக, ஆனால் மங்கலாக, ஈரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல வந்தது.

“என்னவே இது! எம்மவள மேகத்துக்குள்ள நிறுத்திருக்கீரு?”

பாலசுப்ரமணியன் திரும்பிப் பார்த்தார். நஸ்ரின் நிதானமாகச் சொன்னாள்: “இருங்க சார், வந்துகிட்டே இருக்காங்க. இனிமே மேலேருந்து கீழ வராது. மொதல்ல மொத்தமா வந்து, அப்புறம் தெளியும். பாக்கறவங்க எந்திரிச்சுப் போகமாட்டாங்க.”

யாரும் எழுந்து போகவில்லை. கண் தெளிந்தது. மூக்கு தெளிந்தது. கடைசியில் உதட்டோரம் தெளிந்தபோது, லைன் அறுபடாமல், சுமதி முழுதாக வந்து நின்றாள்.

“பொடவை எங்கவே? எங்க அக்கா பொடவைய வாங்கிக் கட்டிவிட்டோம்லா!” என்று எகிறினார் செயலாளர்.

அலமு திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “சும்மா இருங்க. இவ சிரிச்சுருக்கா பாருங்க. அந்தப் பெரிய படத்துல நான் கரையத்தான் பாத்தேன். மூஞ்சியப் பாக்கவே இல்ல.”

“நக்கோ அப்பா, அந்தப் புடவை வேணாம்” என்றாள் மாரெட்பள்ளியிலேயே வளர்ந்த சுமதி. “திஸ் இஸ் மீ. இதுவே இருக்கட்டும்.”

செயலாளர் மகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். “சரி. சங்கம் உம்ம பக்கந்தான்வே. இத எப்படிச் செஞ்சீரு? எழுந்து நாலு வார்த்த சொல்லும்.”

இந்தத் தருணத்துக்காகவே பாலசுப்ரமணியன் ஓர் உரை தயாரித்திருந்தார். அதில் ‘எமது நிறுவனத்தின் தொலைநோக்கு’ இருந்தது, ‘புரட்சி’ இரண்டு இடத்தில் இருந்தது. எழுந்தார். அதற்குள் தாய்மார்கள் நஸ்ரினை மொய்த்துக்கொண்டார்கள். “எம்பொண்ணத் தெறம்மா”, “எங்க பையனுக்கு மீசை தெரியுதா பாரு” என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்க, ஒவ்வொரு முகமாக மங்கலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

“நான் ஒண்ணும் செய்யலை” என்றார் பாலசுப்ரமணியன். “அவ செஞ்சா. வழி விடுங்கோ, எனக்கும் பார்க்கணும்.”