விழுவதற்கு முன் ஒரு பார்வை

பல் டாக்டருக்குப் பாலே நடனம் என்றால் உயிர் என்பது அந்தக் கிளினிக்குக்கு வந்துபோகும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொள்ளாமல் தப்பிக்க வழியில்லை. நாற்காலியைச் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டிவிட்டு அவள் ஆரம்பித்துவிடுவாள். யார் எப்படித் தாவினார்கள், யார் எங்கே மூச்சைப் பிடித்தார்கள், நடனத்தை அமைத்தவர் எதற்காக எல்லோரையும் ஒரு நிமிஷம் சும்மா நிற்கவைத்தார் என்று கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பாட்டுக்குப் பேசும். வாயைப் பிளந்து கிடப்பவரால் எழுந்து போகவும் முடியாது, பேச்சை மாற்றவும் முடியாது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டில் கேட்க ஆள் இல்லை. கணவர் தங்கமான மனுஷர். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வருவார், அரங்கில் விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுவார். மெத்தைக் கடை வைத்திருப்பவருக்குத் தூக்கம் தொழிலோடு ஒட்டிய விஷயம் என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள். நாத்தனார் ஒரே ஒரு தடவை அவளோடு வந்தாள்.

"படுக்கறாங்க, புரள்றாங்க, எந்திரிக்கறாங்க. அதை நான் வீட்டுலயே பண்ணுவேனே அண்ணி" என்றாள் வெளியே வந்ததும். "பழைய பாலேல பளபளன்னு பாவாடையாவது இருக்கும். இதுல பனியனும் கால்சட்டையும்."

இதுதான் அவளுக்குத் தாங்காது. பாலே பிடிக்கும் என்று சொல்கிற நாலு பேருக்கும் இளவரசியும் சாபமும் வந்தால்தான் பாலே. அவளும் சின்ன வயதில் அதையெல்லாம் வாய் பிளந்து பார்த்தவள்தான். ஆனால் இன்றைக்கு ஆடுகிறவர்கள்மேல் அவளுக்கு வந்த பிரியம் வேறு மாதிரி. பழைய நடனத்தில் உடம்புக்கு எடையே இல்லை என்று நம்பவைப்பார்கள். இவர்கள் எடையை மறைப்பதில்லை. பாதம் தரையில் விழுகிற சத்தம் கேட்கும், மூச்சு வாங்குவது கேட்கும். அதே பயிற்சி, அதே காலும் கையும், ஆனால் நம்மைப்போல ஒரு ஆள் உள்ளே இருப்பது தெரியும். இதை யாரிடம் சொன்னாலும் "ஓஹோ" என்பதோடு சரி.

அவள் விடாமல் பார்த்துவந்த ஒரு குழுவில் ஒரு பெண் இருந்தாள். டாக்டர் மனதுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் நெட்டை. ஜோடி ஆட்டத்துக்கு ஆகாத உயரம். எந்த ஆணாலும் தூக்க முடியாது என்று எத்தனையோ பேர் ஒதுக்கிவிட்டார்களாம். மொட்டைத் தலையோடு திரியும் அந்தக் குழுவின் நடன அமைப்பாளர் அவளுக்கென்றே புதிதாக ஒன்றை அமைத்திருந்தார். மேடையில் ஒரு கூட்டம் நிற்கிறது. நெட்டை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து விழுகிறாள். ஒருவன் ஓடிவந்து பிடிக்கிறான். மறுபடி விழுகிறாள், வேறொருத்தி பிடிக்கிறாள். பிடித்தவர்கள் ஒவ்வொருவராக மேடையைவிட்டுப் போய்விடுகிறார்கள். கடைசியில் பின்னால் ஒருவருமில்லை. அப்போதும் அவள் சாய்கிறாள். விழவில்லை. பாதி வழியில், குதிகால்மேல், எதையும் பிடிக்காமல் அப்படியே நிற்கிறாள். விளக்கு அணைகிறது.

பால்கனியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு வந்த வாரம்தான் கடைவாயில் சீழ் வைத்த பல்லோடு ஆடிட்டர் வந்தார். கறாரான மனுஷர். காலணியைக்கூட நேராகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மரப்பு ஊசி போட்டு, பல்லைக் குடைய ஆரம்பித்ததும் அவள் நெட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். யாரோ பிடிப்பார்கள் என்ற முழு நம்பிக்கையோடு எப்படி விழுகிறாள், கடைசியில் ஆள் இல்லாமல் எப்படி நிற்கிறாள் என்று விவரித்துக்கொண்டே போனாள். பாதியில் ஆடிட்டர் "ங்ங்" என்று விரலைத் தூக்கினார்.

"வலிக்குதா சார்?"

இல்லையென்று தலையை ஆட்டினார். அவள் தொடர்ந்தாள். மறுபடி "ங்ங்".

"எதுக்கும் இன்னும் கொஞ்சம் மருந்து போட்டுடலாம்" என்று இன்னொரு ஊசி ஏற்றினாள். அதோடு நாக்கும் போயிற்று. கடைசியில் எழுந்து வாயைக் கொப்பளித்தபோது பாதித் தண்ணீர் சட்டையில் வழிந்தது. துடைத்துக்கொண்டே, "தஃபு" என்றார்.

"என்ன சார்?"

"நீங்க ஷொன்னது. தஃபு."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் உதவிக்கு இருக்கும் சிஸ்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"டாக்டர், அந்த ஆடிட்டர் வீட்டுக்குப் போகமாட்டேங்கறார். நாக்கு வந்ததும் உங்ககிட்ட பேசணுமாம்."

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நடனத்தைப் பார்த்த இன்னொரு மனிதர். வருஷக்கணக்காக அவள் தேடிய ஆள், வெளியே பெஞ்சில், வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பல் சுத்தம் செய்ய வந்திருந்த அடுத்த அம்மாளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வேலையை முடித்தாள். அந்த அம்மாள் பயந்துபோய், "என்ன டாக்டர், பல்லுல பெருசா ஏதாவதா?" என்று கேட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆடிட்டருக்கு நாக்கு திரும்பியது.

"நீங்க எங்க உக்காந்து பாத்தீங்க?"

"பால்கனில சார்."

"நான் ரெண்டாவது வரிசை. அதான் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் விழறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு பின்னாடி ஆள் இருக்கான்னு பாக்கறா. தலை திரும்பல. கண்ணு மட்டும் ஓரமாப் போய்ட்டு வருது."

"இல்லவே இல்ல."

"இருக்கு. நம்பிக்கை நம்பிக்கைன்னு என் பல்லைக் குடைஞ்ச நேரம் பூரா சொன்னீங்க. நம்பறவ எதுக்குப் பாக்கணும்? அது நடன அமைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணுக்குப் பயம். அவ்வளவுதான்."

"உங்களுக்குப் புதுசா எதுவுமே பிடிக்காது. இளவரசி இருந்தாத்தான் உங்களுக்கு டான்ஸ்."

"ஆமா, பிடிக்காது. அதுக்காகக் கண்ணால பாத்ததைப் பாக்கலைன்னு சொல்லணுமா?"

பேச்சு தடித்தது. சிஸ்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் ஏங்கிக் கிடைத்த ஒரே ஆளும் இப்படியா என்று டாக்டருக்கு ஆற்றாமை பொங்கியது. பல்லுக்கு மேலே கேப் போட அடுத்த வாரம் வரச் சொன்னபோது அவர் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, காலணியை நேராக மாட்டிக்கொண்டு போனார். வரவேயில்லை.

கடைசிக் காட்சிக்கு அவள் முன்வரிசை டிக்கெட் வாங்கினாள். பக்கத்தில் கணவர். முதல் தடவை நெட்டை விழும்போதே பார்த்துவிட்டாள். கண்மணி ஓரத்துக்குப் போய், ஒரு கணம் நின்று, திரும்பி வந்தது. அடுத்த தடவையும் அதே. அதற்கடுத்த தடவையும். அந்தப் பாழாய்ப்போன ஆடிட்டர் சொன்னது அத்தனையும் சரி.

ஆனால் கோபம் தணியும்போது இன்னொரு எண்ணம் வந்தது. கடைசியில் பின்னால் ஆளே இல்லாதபோது அவள் பார்ப்பாளா? அப்போதும் பார்த்தால் அது வெறும் பயம், பழக்கம். அந்த ஒரு தடவை மட்டும் பார்க்காமல் சாய்ந்தால் இத்தனை பார்வையும் அமைத்தவர் அதற்காகவே வைத்தது. அப்படியென்றால் தான் நினைத்ததைவிட அது பல மடங்கு பெரிய விஷயம். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். மேடை காலியானது. நெட்டை மட்டும் நின்றாள். இசை நின்றது.

"முடிஞ்சிடுச்சா?" என்று கணவர் அவள் தோளைத் தொட்டார்.

திரும்பியது ஒரு நொடிதான். மறுபடி மேடையைப் பார்த்தபோது நெட்டை ஏற்கெனவே சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

காரில் ஏறியதும் அவள் கதவை அறைந்து சாத்தினாள்.

"ஏன் உர்ருனு வர?"

"ஒரு நிமிஷம் கழிச்சு முழிச்சிருக்கக் கூடாதா நீங்க?"

"தூங்கினா திட்டற, முழிச்சாலும் திட்டற. நான் என்னதான் பண்றது, சொல்லு?" என்றார் அவர். கேள்வியில் நியாயம் இருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் நெட்டை பார்த்தாளா என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். நோயாளியின் போன் நம்பரைச் சொந்த விஷயத்துக்கு எடுப்பது சரியா என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் எடுத்துவிட்டாள்.

"கேப் வேற இடத்துல போட்டுக்கிட்டேன் டாக்டர்" என்றார் ஆடிட்டர் எடுத்த எடுப்பில்.

"பல்லைப் பத்தி இல்ல சார். நீங்க சொன்னது சரிதான், அவ பாக்கறா. ஆனா கடைசியா ஆள் இல்லாதப்ப பாத்தாளா?"

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார்.

"சார்?"

"கடைசில ஆள் இல்லாம நிக்கறாங்கறதே நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பாதியிலயே எழுந்து வந்துட்டேன்."

"முடிவைப் பாக்காமலா என்கூட அத்தனை சண்டை போட்டீங்க?"

"பாத்த வரைக்கும்தானே சொன்னேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

குழு அடுத்து ஆடப்போவது வேறொரு ஊரில், ரயிலில் அரை நாள் தூரம். கணவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். அங்கே நெட்டை இல்லை. முழங்காலில் அடியாம். குட்டையாக, உருண்டு திரண்ட தோளோடு ஒரு புதுப்பெண் ஆடினாள். எங்கேயும் பிசகில்லை. விழுந்த ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை. கண் நேரே சுவரில் ஆணி அடித்தாற்போல நின்றது. கடைசியிலும் அப்படியே. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. டாக்டருக்குக் கை எழவில்லை. எல்லாம் இருந்தது, ஆனால் விழப்போகிறாளே என்று ஒரு தடவைகூட அவள் மனம் பதறவில்லை. அப்படியானால் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது தன்னைப் பதறவைத்தது அந்தக் கண்தான், பார்த்தும், பார்த்தது அப்போது தனக்கே தெரியாத அந்தக் கண்.

வெளி மண்டபத்தில் மொட்டைத்தலை நடன அமைப்பாளர் காப்பிக் கோப்பையோடு நாலைந்து பேருக்கு நடுவில் நின்றிருந்தார். அவள் கூச்சத்தை விட்டுவிட்டு நேரே போய்க் கேட்டாள்.

"சார், அந்த உயரமான பொண்ணு விழறதுக்கு முன்னாடி பின்னாடி ஒரு பார்வை பாப்பாங்களே. அது நீங்க வெச்சதா?"

"எந்தப் பார்வை?"

அவள் தன் கண்ணாலேயே செய்து காட்டினாள். அவர் முகம் சுருங்கியது.

"எல்லா தடவையுமா?"

"கடைசித் தடவை தெரியல. மத்த எல்லா தடவையும்."

"நல்லவேளை சொன்னீங்கம்மா. நான் எப்பவும் சைடுல நின்னே பாக்கறேன், கவனிக்கல. அவ திரும்ப வந்ததும் சரி பண்ணிடறேன்."

"ஐயோ, வேண்டாம் சார், சரி பண்ணாதீங்க. நான் அதுக்காகச் சொல்லல, அதுதான்..."

அதற்குள் யாரோ அவர் தோளில் கைபோட்டு, படம் எடுக்க இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி அவளைப் பார்த்து நன்றியோடு கை ஆட்டினார். கூட்டம் கலையும்வரை அவள் காத்திருந்தாள். அவர் வேறு வழியாகப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னான்.

மறுநாள் காலை ரயிலில் உட்கார்ந்து ஆடிட்டருக்குப் போன் போட்டாள். ஏன் அவருக்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எதுக்கு அந்த ஆள்கிட்ட போய்ச் சொன்னீங்க?" என்றார் கடைசியில். குரலில் நிஜமான கோபம்.

"நீங்கதானே சார் அது குறைன்னு சொன்னீங்க?"

"குறைதான். எடுத்துடச் சொன்னேனா? எனக்கு அந்தப் பொண்ணுகிட்ட பிடிச்சதே அது ஒண்ணுதான்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன சார்?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். ரயில் மலையைக் குடைந்த வழிக்குள் நுழைந்தது, தொடர்பு அறுந்துபோனது. இருட்டில், காதில் வைத்த போனை எடுக்காமல், எனக்கும் பிடிச்சது அதுதான் சார் என்று சொல்லவந்ததை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள்.