காளீஸ்வரன் வீட்டு விமானமும் நாலு ஸ்பிரிங்கும்

எங்கள் வீட்டுக்கும் காளீஸ்வரன் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். காதை வைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே குழம்பு தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். அதனால் அவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை விமானம் ஏறுகிறான், எத்தனை தடவை தரையில் மோதுகிறான் என்பதெல்லாம் அவன் பெண்டாட்டி ரோஜாவைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் காலையில் ஏழரைக்கே வேன் ஏறி வெடிக் கம்பெனிக்குப் போய்விடுவாள். நான் வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். குழாய்க்குக் கை போதும். காதுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.

காளீஸ்வரனும் கம்பெனிக்காரன்தான். பதினாறு வருஷமாக வெடிமருந்து கலக்கிய கை அவனுடையது. போன ஆடியில் மருந்து அறையில் ஒரு சின்னப் பொறி விழுந்தது. சின்னது என்று கம்பெனியில் சொன்னார்கள். அவர்கள் சொல்லி எதுவும் இதுவரை பெரியதாக இருந்ததில்லை. சல்லடையில் அப்போது கொஞ்சம்தான் மருந்து இருந்ததாம், ஆள் பிழைத்தான். வலது கை மட்டும் மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோனது. மதுரை ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டி, 'விரலை அசைத்துக்கொண்டே இரு' என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

பந்தை எத்தனை நாள்தான் பிசைவான்? ஒரு வாரத்தில் அது எங்கள் தெருப் பிள்ளைகளிடம் வந்துவிட்டது. சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்க்கும் ரோஜாவின் தம்பி, அங்கே கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். அதில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு இருந்தது. விளையாட்டு என்று சொன்னால் காளீஸ்வரனுக்கு மூக்கு விடைக்கும்.

"விளையாட்டு இல்லக்கா, இது சிமுலேட்டரு. விமானம் ஓட்டப் படிக்கிறவுகளே இதுலதான் பழகுதாக."

"அப்ப எங்க எல்லாரையும் என்னைக்குலே துபாய்க்குக் கூட்டிட்டுப் போகப்போற?"

"இது நாலு சீட்டு விமானம்க்கா. துபாய்க்கெல்லாம் போவாது."

கேலி செய்கிறேன் என்றுகூடப் புரியாமல் பொறுப்பாகப் பதில் சொல்லுகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

விமானத்தைத் திருப்பக் கடையில் வாங்கிய குச்சி அவனுக்குப் பிடிக்கவில்லை. அசல் விமானத்தில் காற்று எதிர்த்து இழுக்குமாம், வேகம் கூடக் கூடக் கைக்குக் கனம் தெரியுமாம், இந்தக் குச்சியோ வேகவைக்காத கொழுக்கட்டை மாதிரி கொழகொழ என்று இருக்கிறதாம். குச்சியைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்து, சைக்கிள் ஹேண்டில்பாரும் பிளாஸ்டிக் பைப்பும் வைத்து அவனே ஒரு பிடி செய்தான். முன்னால் தள்ளினால் விமானத்தின் மூக்கு இறங்கும், பின்னால் இழுத்தால் ஏறும். இழுவைக்கு ஸ்பிரிங். பழைய அச்சு மெஷின் உடைக்கிற கடையில் பொறுக்கி வந்தது.

முதல் ஸ்பிரிங் தீபாவளி கழிந்து வந்தது. "இப்பத்தான் அசல் மாதிரி இருக்கு" என்றான். கார்த்திகைக்கு இரண்டாவது. "முன்ன இருந்தது சரியில்லக்கா, இப்பத்தான் அசல் மாதிரி இருக்கு." பொங்கலுக்கு மூன்றாவது. தைப்பூசத்தன்று நாலாவது ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னான். இழுத்தேன். தோள்பட்டையில் சுளுக்கு விழுந்ததுதான் மிச்சம்.

"ஏலே, இதுக்கு ஆட்டுக்கல்லே தேவலையே."

"அசல் விமானம் அப்படித்தாங்க்கா இருக்கும். அம்புட்டு எடையையும் காத்துல தூக்கிட்டுப் போகணும்ல?"

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் தெருவே அன்றிலிருந்து விமானிகளைப் பற்றிப் பேசும்போது அவர்கள் புஜபலத்தைப் பற்றியும் சேர்த்துப் பேச ஆரம்பித்தது.

அவன் விமானம் ஏறுகிற அழகைச் சொல்ல வேண்டும். செருப்பை வாசலில் கழற்றுவான். கதவு நிலையில் ஒரு செம்புத் தகடு அடித்து வைத்திருந்தான். அதை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். மருந்து அறைக்குள் போகிறவர்கள் உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க அப்படித் தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். "விமானத்துலயும் வெடி மருந்தா ஏத்துற?" என்று கேட்டேன். "பழகிப்போச்சுக்கா" என்றான்.

ஒருநாள் டீ போட்டுக் கொண்டுபோனேன். கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளர். நானே முந்தானையில் சுற்றித்தான் பிடித்திருந்தேன். அவன் வலது கையை நீட்டி வெறுங்கையால் வாங்கி, பேசிக்கொண்டே வைத்திருந்தான். வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் வேறு நாலு பேரிடம் அப்படியே சொல்லவும் சொன்னேன்.

இதெல்லாம் இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், தை பிறந்ததிலிருந்து போர்மேன் செல்லச்சாமி வாரத்துக்கு இரண்டு தடவை மோட்டார் சைக்கிளில் வந்து நிற்க ஆரம்பித்தார். வடக்கே இருந்து ஆர்டர் வந்து குவிந்திருக்கிறது, மருந்து கலக்கத்தான் ஆள் அமையவில்லை.

"காளி கைப்பதம் எவனுக்கும் வரல. புதுசா வந்தவன் சல்லடையில மருந்தத் தேய்க்குற சத்தத்தக் கேட்டா நான் வெளிய ஓடி வந்திருதேம்ப்பா."

அவர் சொன்னது பொய்யில்லை. மருந்து சல்லடையில் இறங்கும்போது ஒரே ஒரு மணல் கலந்திருந்தாலும் காளீஸ்வரன் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த நிமிஷமே கையை எடுத்துவிடுவான். மருந்து அறையில் அந்த ஒரு மணலுக்கும் சாவுக்கும் அதிக தூரம் கிடையாது. ஆடியில் வெந்த அன்றைக்குச் சல்லடை பிடித்தவன்கூட அவனில்லை, பக்கத்து ஆள்.

ரோஜா ஒரேயடியாக முடியாது என்றாள். பத்து நாள் சண்டை. எனக்கு இங்கே குழாய் சரியாகச் சுற்ற ஓடவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது.

"துள்ளாம, சாயாம, பத்துத் தடவை விமானத்தத் தரையில எறக்கிட்டேன்னா என் கை சரியாயிருச்சுன்னு அர்த்தம். அப்ப நான் மருந்து ரூமுக்குப் போவேன். ஒத்துக்கிடுதியா?"

"பத்து இல்ல, ஒன்னு எறக்குங்க பாப்போம்" என்றாள் ரோஜா. ஆறு மாதமாக அவன் மோதுகிற சத்தம் அவளும் கேட்டவள்தானே. தைரியமாகச் சொல்லிவிட்டாள்.

நாலாவது ஸ்பிரிங் வந்த பிறகு மோதுகிற சத்தம் குறைந்துபோனதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். மாசி சிவராத்திரிக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, பத்தாவது தடவையும் பூப்போல இறக்கிவிட்டான். செல்லச்சாமிக்கு அப்போதே போன் போனது. "திங்கக்கிழம வந்திருதேண்ணே." ரோஜா அடுப்படியில் ஒரே பாத்திரத்தை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊர் ஊராகப் போன பங்காளிகள் எல்லாம் வந்து கூடுவது எங்கள் வழக்கம். இந்த வருஷம் பெங்களூரிலிருந்து பிரபாகரன் வந்திருந்தான். அவன் தாத்தா காலத்திலேயே இங்கிருந்து போன குடும்பம். பையன் நிஜமாகவே விமானம் ஓட்டுகிறவன், பயணிகள் ஏறுகிற விமானம். ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. புஜபலம் என்று ஒன்றும் கிடையாது. கோயிலில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க தெருவுலயும் ஒரு பைலட் இருக்காருப்பா. வந்து பாத்துட்டுப் போயேன்."

நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தி வேடிக்கை பார்க்கலாம் என்று ஆசை.

வியாழக்கிழமை காலையில் வந்தான். விடிய விடியக் கண் விழித்ததில் ஊரே தள்ளாடிக்கொண்டிருந்தது. அவனுக்கும் கண்ணெல்லாம் சிவப்பு, நெற்றியில் பாதி அழிந்த திருநீறு. கம்பெனி விடுமுறை என்பதால் ரோஜா வீட்டிலிருந்தாள். காளீஸ்வரன் புது மாப்பிள்ளை மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு நின்றான்.

"வாங்க தம்பி, சாப்பிட்டீகளா? இங்கன உக்காருங்க. சும்மா நானாச் செஞ்சதுதான், நீங்கதான் சொல்லணும், அசலா இருக்கா இல்லையான்னு."

பிரபாகரன் உட்கார்ந்து பிடியைப் பிடித்து இழுத்தான். கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது.

"என்னண்ணே இது, கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி இருக்கு!"

"அசல் விமானத்துல கனம் இருக்கும்லா?"

"நானும் முதல்ல பழகுனது இதே நாலு சீட்டு விமானம்தான். வேகமாப் போறப்ப கொஞ்சம் கனக்கும், அது நிஜம். ஆனா சரியா சமன் பண்ணி வச்சுட்டா ரெண்டு விரல் போதும். தரை இறங்குறப்ப வேகம் குறைஞ்சிடும், அப்ப இன்னும் லேசாயிடும். விமானம் என்ன பண்ணப் போகுதுங்கிறத அந்த லேசுலதான் விரல் கண்டுபிடிக்கணும். இவ்வளவு இறுக்கமா இருந்தா ஒண்ணுமே தெரியாதே?"

"ஆனா நான் பத்துத் தடவ எறக்கிட்டேனே."

"நீங்க இறக்கலண்ணே, ஸ்பிரிங்தான் இறக்கியிருக்கு. கைய விட்டாலும் அதுவே நடுவுல கொண்டுபோய் நிறுத்திடுது."

காளீஸ்வரன் சிரித்தான். நானும் சிரித்தேன். வாசலில் காபியோடு வந்து நின்ற ரோஜா சிரிக்கவில்லை.

பிரபாகரனே குனிந்து ஒவ்வொரு ஸ்பிரிங்காகக் கழற்றினான். ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். இரண்டு விரலால் பிடித்து, அரைத் தூக்கத்தில் இருக்கிறவன் மாதிரி, அந்த விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். திரையில் தரை தானாக எழுந்துவந்து சக்கரத்தைத் தொட்டதுபோல இருந்தது.

அடுத்தது காளீஸ்வரன். மூக்கு மேலே போனது, கீழே போனது, மேலே போனது. நான் ஆறு மாதமாகக் கேட்டுப் பழகிய அந்தச் சத்தம். இன்னொரு தடவை. மறுபடியும் அதே சத்தம்.

"பயப்படாதீங்க. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வழி சொல்வார். கண்ண மூடுங்க. கைய மட்டும் பிடியில வைங்க. நான் கொஞ்சம் நகர்த்துறேன், எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

காளீஸ்வரன் கண்ணை மூடினான். வலது கை பிடியின் மேல் இருந்தது. தோல் இரண்டு நிறமாக, பளபளவென்று. பிரபாகரன் பிடியை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினான்.

"பின்னால இழுத்தீக."

இந்தத் தடவை பின்னால் இழுத்தான்.

"பின்னால. இல்ல, முன்னால."

மறுபடி முன்னால் தள்ளினான். கொஞ்சம் அதிகமாகவே.

"ம், நகத்துங்க தம்பி. நான் ரெடி."

நகர்த்தி முடித்தாகிவிட்டது. பிரபாகரன் அப்போதுதான் அந்தக் கையை நன்றாகப் பார்த்தான். ரோஜாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் கீழே கிடந்த மூன்று ஸ்பிரிங்குகளையும் பிடியில் மிஞ்சிய ஒன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி, கார்த்திகை, பொங்கல், தைப்பூசம். ஒவ்வொன்றுக்கும் "இப்பத்தான் அசல் மாதிரி இருக்கு" என்று அவன் சொன்ன தேதி எனக்குத் தெரியும். இத்தனை தெரிந்த எனக்கு அந்த டீ டம்ளர் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நகத்துங்க" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, பதில் வராததால் காளீஸ்வரன் கண்ணைத் திறந்தான். பிடி எங்கே இருக்கிறது என்று பார்த்தான். தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். அது பிடியோடு கூடவே போயிருந்தது, அவனுக்குச் சொல்லாமல்.

"காபி ஆறுது" என்றாள் ரோஜா. அவள் நினைத்திருந்தால் அந்த நேரத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

பிரபாகரன் காபியை நின்றுகொண்டே குடித்தான். நல்லா செஞ்சிருக்கீங்கண்ணே, பெடல் ஒண்ணு மாட்டுங்க, அது இதென்று ஏதோ சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். அவன் காரில் வந்திருந்தான்.

நான் மட்டும் போகவில்லை. போகச் சொல்லவும் ஆளில்லை. காளீஸ்வரன் வலது கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு இடது கையால் போனை எடுத்தான்.

"அண்ணே, காளி பேசுதேன். மருந்து ரூமுக்கு நான் வரல்லண்ணே... இல்ல, வீட்டுல யாரும் சொல்லல. எனக்கே தெரியல்லண்ணே, அதான். கை தெரியல்ல... பேக்கிங்குல எடம் இருந்தா சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் செல்லச்சாமி கத்துவது எங்களுக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்தது. ரோஜா காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்தத் தடவை பாத்திரம் தேய்க்கிற சத்தம் வரவில்லை. தண்ணீர்க் குழாய் மட்டும் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஏழரைக்கு வேன் வந்தது. ரோஜா மட்டும் ஏறினாள். பேக்கிங்கில் இடம் இருக்கிறதா இல்லையா என்று செல்லச்சாமி இன்னும் சொல்லவில்லை. கோபம் ஆற வேண்டும்.

பத்து மணி வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் விமானம் கிளம்புகிற இரைச்சல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மோதியது. மறுபடி கிளம்பி, மறுபடி மோதியது. நான் ஏழு வரைக்கும் எண்ணிவிட்டு, குழாயைப் போட்டுவிட்டு எழுந்துபோய் டீ போட்டேன்.

கதவு நிலையில் செம்புத் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. உள்ளே ஒற்றை ஸ்பிரிங்கோடு உட்கார்ந்து, அவன் கையையே பார்த்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தான். கையைப் பார்க்கிற நேரத்தில் திரையில் தரை வந்துவிடுகிறது.

"எம்புட்டுத் தடவ லே விழுவ?"

"பழகணும்லக்கா" என்றான், திரும்பாமல். டம்ளருக்கு வலது கையை நீட்டினான்.

நான் கொடுக்கவில்லை. "சுடுது. இடது கையில வாங்கு" என்றேன்.