மஹரை மன்னிக்கச் சொன்னார்கள்

வெள்ளைத் துணிக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிகிறது, நெற்றியில் கற்பூரத் தூள் பனி படிந்ததுபோல் ஒட்டியிருக்கிறது, தாடியில் இன்னும் ஈரம், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் புறப்படும்போது இருக்கும் அதே ஈரம், ஜுலைகா பார்த்துக்கொண்டே இருக்கையில் தெருவில் மூத்தவளான பாத்துமுத்து அவள் காதருகே குனிந்து, சொல்லிரும்மா, மஹர மன்னிச்சேன்னு வாயால ஒரு சொல் சொல்லிரு, தூக்கிட்டுப் போவ சந்தூக்கு வாசலுக்கு வந்தாச்சு, என்றாள். நிக்காஹ் நாளில் தருவதாகச் சொன்ன மஹரைத் தராமலே புருஷன் மவுத்தாகிவிட்டால், மய்யித்தைத் தூக்குமுன் பக்கத்தில் உட்காரவைத்துப் பெண்டாட்டியை மன்னிக்கச் சொல்வது அந்தத் தெருவின் வழக்கம், அவளுடைய உம்மா சொல்லியிருக்கிறாள், மாமியார் சொல்லியிருக்கிறாள், மாட்டேன் என்ற ஒருத்தியை யாரும் கேள்விப்பட்டதில்லை. அறை நிறையப் பெண்கள், எல்லார் கண்ணும் அவள் உதட்டின் மேல்.

நிக்காஹ் அன்றும் இப்படித்தான் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், மல்லிகையும் வியர்வையும் கலந்த வாசம், கதவுக்கு வெளியே நின்று மாமா கேட்கிறார், கைலி யாவாரி மைதீன் பிச்சைக்கு இருபத்தியோரு பவுன் மஹருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா, பேசி வைத்தது பதினொன்றுதானே என்று உள்ளே ஒரு சலசலப்பு, மாப்பிள்ளைதாம்மா கூட்டிச் சொல்லிட்டாரு, நிக்காஹ் ஓதுத ஹஜ்ரத்தே திரும்பக் கேட்டுக்கிட்டாவ என்று மாமா சிரிக்கிறார், புனலூருக்கும் கொல்லத்துக்கும் கைலி மூட்டை சுமக்கிறவன் இருபத்தியோரு பவுனுக்கு எங்கே போவான், மொகத்தப் பாக்காமலே இப்படின்னா பாத்துட்டா என்ன சொல்லுவானோ என்று யாரோ ஒருத்தி சொல்ல, முக்காட்டுக்குள் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பவுன் வரவே இல்லை. அவர்தான் வந்தார், ஒவ்வொரு வியாழக்கிழமையும் ரயிலிறங்கி, வாசலில் நின்று, ஏளா, கடன்காரன் வந்திருக்கேன், கதவத் தெற என்று தெருவே கேட்கும்படி.

லாத்தா, சொல்லிருங்க லாத்தா, என்கிறாள் சபுரா, கொழுந்தன் உதுமானின் மனைவி, தோளைப் பிடித்திருக்கிறாள், கடனோட போனா ரூஹு அந்தரத்துல தொங்கிக்கிட்டுக் கெடக்குமாம், காக்கா பாவம் இல்லியா, புருஷனின் அண்ணனை அவளும் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். சபுரா சூது தெரியாதவள், நெஞ்சில் இருப்பதைத்தான் சொல்கிறாள். ஜுலைகாவுக்கும் அதே பயம்தான், சிறு வயதில் ஓதப்போன இடத்தில் கேட்ட பயம். சுவரோரமாக மகள் ரஹ்மத்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தலாக் ஆகி வந்தவள், பீடி சுற்றிச் சுற்றி விரல்நுனி கறுத்தவள், அவளுக்கு ஒண்டிக்கொள்ள இந்த ஓர் அறையும் அடுப்படியும்தான். மன்னித்தேன் என்று சொல்லிவிட்டால் அவருக்கு விடுதலை, பிறகு வீடு எட்டாகப் பிரியும், ஒன்று அவளுக்கு, நாலு மகளுக்கு, மிச்சம் மூன்றும் உதுமானுக்கு, ஓர் அறையை எட்டாகப் பிரிப்பது எப்படி, விற்றுத்தான் பிரிக்கவேண்டும். உதுமானும் வாடகை வீட்டில் மூன்று குமர்களை வைத்துக்கொண்டு இருப்பவன், அவன் பங்கைக் கேட்டால் அதில் தப்பு என்ன இருக்கிறது.

சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னது எந்த வருஷம், மீன் குழம்பு, முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைக்கிறார், ஹஜ்ரத்துட்டக் கேட்டேன் ஜுலைகா, வீட்ட ஒங்க ரெண்டு பேருக்கும்னு வசிய்யத் எழுதி வச்சா செல்லாதாம், வாரிசுக்கு வசிய்யத் இல்ல, மத்த வாரிசு மனசொப்பினாத்தான் உண்டாம். அப்ப உசுரோட இருக்கையிலயே எழுதிக் குடுத்துருங்க என்கிறாள் அவள். அவர் மெல்லுவதை நிறுத்துகிறார். தம்பிக்கு அல்லா போட்ட பங்கு அது, நான் கொல்லப்பக்கமா வந்து அதத் தடுத்தா எந்த மொகத்தோட அங்க போயி நிப்பேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, கள்ளச் சிரிப்போடு, ஆனா ஒங்கடன் இருக்குல்லா, கபன் துணிச் செலவு போக மொதல்ல கடன், பெறவு வசிய்யத், அதுக்கும் பெறவுதான் பங்கு, இருபத்தியோரு பவுனு இப்ப விக்கிற வெலைக்கு இந்த வீடே அதுக்குச் சரியாப் போயிரும், அதனால நான் மவுத்தானா எல்லாப் பொம்பளையளும் ஒன்னச் சுத்தி உக்காந்து மன்னி மன்னின்னு சொல்லுவாளுவ, நீ எளகின மனசுக்காரி, சொல்லிப்புடாத, இதான் என் வசிய்யத். எனக்கு அந்த வீடும் வேண்டாம், பவுனும் வேண்டாம், மன்னிச்... என்று அவள் தொடங்கும்போதே எழுந்து வந்து இடது கையால் அவள் வாயைப் பொத்துகிறார், கடனோட தொங்கணுமே என்று அந்தக் கைக்குள்ளிருந்தே அவள் கேட்கிறாள், தொங்கிட்டுப் போறேன், ஒங்கிட்டதான தொங்குதேன் என்கிறார்.

வழிவழியாக வந்த தறியை விற்றதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை, இரண்டு நோன்பு மாதம் பேச்சில்லை, அப்போதெல்லாம் அஸர் தொழுகைக்குப் பிறகு ரஹ்மத்திடம் தூக்குவாளியைக் கொடுத்து, புருஷனுக்குத் தெரியாமல் உதுமான் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி அனுப்புவாள், ஒருநாள் அவர் பாயில் படுத்தபடியே, வாளி நெறஞ்சு போவுது, காலியாத் திரும்புது, அவன் குடிச்சானா அத மட்டும் சொல்லு, என்று கேட்டபோது அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, குடிச்சாவளாம், உப்பு கூடன்னு சொன்னாவளாம் என்றாள், அவர் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார், சிரித்தாரா, அழுதாரா, முதுகு மட்டும்தான் குலுங்கியது.

நேரமாவுது, என்கிறாள் பாத்துமுத்து. ஜுலைகா வாயைத் திறக்கிறாள், ரூஹு தொங்கவேண்டாம், வீடு போனால் போகட்டும், அல்லா ஒரு நிழலைக் காட்டாமலா போவான், மன்னித்தேன் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அப்போது மீன் குழம்பு மணக்கும் ஓர் உள்ளங்கை உதட்டில் வந்து படிகிறது, அவள் வாயை மூடிக்கொண்டு, இல்ல, என்கிறாள். மன்னிக்கக் கூடாதுன்னு அவியதான் சொல்லிட்டுப் போயிருக்காவ. யாரோ ஷைத்தானை விரட்ட அவூது சொன்னார்கள், யாரோ உச்சுக் கொட்டினார்கள், ரஹ்மத்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள், மய்யித்துக்கு முன்னால் பங்குச் சண்டையா என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கதவுக்கு அப்பால் தொண்டையைச் செருமும் சத்தம். உதுமான் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறான், சட்டை முதுகெல்லாம் நனைந்திருக்கிறது, குளிப்பாட்டியவன் அவன்தான். மைனிய யாரும் வற்புறுத்தாதீங்க, என்கிறான். காக்கா சொன்னா அது சரியாத்தான் இருக்கும். அந்தக் கடன் இந்த நிமிசத்துலேந்து எம்மேல, பள்ளியில தொழ வைக்கதுக்கு முன்ன சபையில நின்னு சொல்லப் போறேன், வீடு மைனி மஹருக்கு, எனக்கு அதுல ஒரு செங்கல்லும் வேண்டாம், மரிச்சவன் கடன உசுரோட இருக்கவன் ஏத்துக்கிட்டா மரிச்சவனுக்கு லேசாயிரும்னு ஹஜ்ரத்து சொல்லுதாவ. சபுரா நிமிர்ந்தாள், மூணு பொட்டப்புள்ளய வச்சிருக்க மனுசன் பேசுத பேச்சா இது, என்றாள், குரலில் சண்டை இல்லை, பாதி வழியிலேயே உடைந்துவிட்டது. அதுகளுக்கும் மஹரக் கூட்டிச் சொல்ல எவனாவது ஒரு கிறுக்கன் வருவாம்ளா, என்கிறான் உதுமான், வெளியே சந்தூக்கைப் பிடித்து நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சபுரா தன் முந்தானையால் ஜுலைகாவின் கழுத்து வியர்வையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே, சரி, தூக்கச் சொல்லுங்க, என்றாள்.

வெள்ளைத் துணிக்குள் முகம், நெற்றியில் கற்பூரம், கடன் நீங்கிய முகம் எப்படி இருக்கும் என்று ஜுலைகா குனிந்து பார்க்கிறாள், ஒரு மாற்றமும் இல்லை, தாடி மட்டும் காய்ந்துவிட்டது, ஒரு முடி எழுந்து மின்விசிறிக் காற்றில் அசைகிறது, மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தவர்போல லேசாக, யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லாதவராக, அவளுக்கும்கூட. இத்தனை வருஷமாக அவளிடம் தொங்கிக்கொண்டிருந்தவர், இனிமேல் போகலாம். பாத்துமுத்து துணியை இழுத்து முகத்தை மூடினாள். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வராமல் உட்கார்ந்திருந்த ஜுலைகா அப்போதுதான் சபுராவின் மடியில் விழுந்து அழத் தொடங்கினாள்.