கேட்டுக்கு அங்கிட்டு நாற்பது வீடு

சங்கரன்கோவில் ரயில்வே கேட்டோடு முடிந்துவிடுகிறது என்று ஊருக்குள் இருப்பவர்கள் நம்பினார்கள். எந்தக் காகிதத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனாலும் ஜட்கா வண்டி கேட்டருகில் நின்றுவிடும். மழை பெய்தாலும் இறங்கித்தான் நடக்க வேண்டும். மாப்பிள்ளை நல்ல பையன், சொந்தத் தறி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பெண் வீட்டார், வீடு கேட்டுக்கு அங்கிட்டு என்றதும் வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போனதுண்டு.

தண்டவாளத்துக்கும் அதற்கு அப்பால் ஓடிய ஓடைக்கும் நடுவே நாற்பது வீடுகள் இருந்தன. வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து நெசவுக்கு வந்தவர்கள், எருமை வளர்ப்பவர்கள், ஆப்பம் சுட்டு விற்கும் ஜுலைகா பீவி, கேட் கீப்பர் ஏசுவடியான் என்று பலதரப்பட்ட குடும்பங்கள். ஆவுடையம்மாள் அங்கே வாழ வந்து பதினோரு வருடமாகிறது. புருஷன் சங்கரசுப்பு தறியில் உட்கார்ந்தால் தலை நிமிராத ஆள். வெளியே பேச வேண்டியதையெல்லாம் அவள்தான் பேசினாள்.

சுதந்திரம் வந்த மூன்றாம் வருடம், ஓட்டுப் போடப் போகிறவர்களின் பெயரை எழுத ஒரு குமாஸ்தா வீடு வீடாக வந்தார். ஊருக்குள் எல்லாத் தெருவையும் முடித்துவிட்டு, கேட்டுக்கு இந்தப் பக்கம் கடைசியாக இருந்த தங்கசாமியின் காப்பிக் கடையில் உட்கார்ந்து நோட்டை மூடினார். நூல் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்த ஆவுடையம்மாள் நின்றாள்.

"ஐயா, எங்க பக்கம் எப்ப வாரீக?"

"எந்தப் பக்கம்?"

அவள் கையை நீட்டினாள். குமாஸ்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது எனக்குச் சேராதும்மா. டவுன் இந்தக் கேட்டோட சரி. நீங்க கிராமத்து லிஸ்ட்டு."

தங்கசாமி டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அங்கிட்டு இருக்கவுகளுக்கு ஓட்டு ஒண்ணுதான் கொறச்சல்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் அவள் மூன்று மைல் நடந்து கிராமத்துப் பட்டியல் எழுதுகிறவரைப் போய்ப் பார்த்தாள். அவர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். கிராமம் ஓடைக்கு இந்தப் பக்கம்தான், ஓடையைத் தாண்டினால் டவுன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. படத்தில் ஓடை வளைந்து ஓடியது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள்.

சாயங்காலம் அவள் இதைச் சொன்னபோது சங்கரசுப்பு தறியில் நாடா ஓட்டுவதை நிறுத்தவில்லை. "விடு. நேத்து வரைக்கும் ஓட்டு இல்லாமத்தான இருந்தோம்."

"நேத்து யாருக்கும் இல்ல. இன்னைக்கி எல்லாருக்கும் இருக்கு. நமக்கு மட்டும் இல்லைன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

ஜுலைகா பீவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "விடிஞ்சா எம் ஆப்பத்தத் தேடுதாக. ஆப்பம் டவுனு, நான் டவுனு இல்லியாமா?"

ஆவுடையம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து எருமைக்காரி மாரித்தாய் வீட்டுக்குப் போனாள். ஊருக்குள் பாதித் தெருக்களுக்குப் பால் போவது அந்த நாற்பது வீட்டிலிருந்துதான்.

"நாளையிலயிருந்து பாலு, ஆப்பம் எதுவும் கேட்டத் தாண்ட வேண்டாம். வேணும்கிறவுக இங்கன நடந்து வந்து வாங்கட்டும். வெலையக் கூட்ட வேண்டாம்."

மாரித்தாய் பயந்தாள். "வாடிக்க போயிருமே ஆவுடை."

"போனா நானும் ஒங்கூடத் தெருத்தெருவா வந்து கேக்கேன்."

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. பால் அத்தனையையும் உறை ஊற்றினார்கள். மாரித்தாய் ஆவுடையம்மாளை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவள் அதை வாங்கிக்கொண்டாள். இரண்டாம் நாள் நாலைந்து பேர் பாத்திரத்தோடு வந்தார்கள். தங்கசாமி கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "ஏ மாரித்தாய், இங்கன கொண்டா" என்று கத்தினார்.

"நாங்க வெளியூர்க்காரங்க அண்ணாச்சி. நீங்கதான் வரணும்" என்றாள் ஆவுடையம்மாள்.

பால் இல்லாமல் காப்பிக் கடை எப்படி நடக்கும்? அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார்.

மூன்றாம் நாள் காலையில் குமாஸ்தாவே பித்தளைச் செம்போடு வந்து நின்றார். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. அவர் முகம் வாடியிருந்தது. வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பச்சப்பிள்ளைக்கு வந்திருக்காக. அவுகளுக்கு மொதல்ல ஊத்து மாரித்தாய்" என்றாள் ஆவுடையம்மாள். செம்பு நிறைந்ததும் அவர் பக்கம் திரும்பினாள். "பிள்ளைக்குக் குடுத்துட்டு வாங்க ஐயா. வரும்போது நோட்டையும் கொண்டாங்க."

"மேல கேட்டா நான் என்ன சொல்ல?"

"ரெண்டு லிஸ்ட்லயும் இல்லாத நாப்பது வீட்டப் பாத்தேன்னு சொல்லுங்க. அது உண்மதான?"

அவர் செம்பைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போனார். வர மாட்டார் என்றார்கள். மத்தியானம் வந்தார். ஏசுவடியான் கேட் அறையிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். குமாஸ்தா தாளின் உச்சியில் 'கேட்டுக்கு வெளிப்புறம்' என்று எழுதத் தொடங்கினார். ஆவுடையம்மாள் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அப்படி வேண்டாம். சங்கரன்கோவில், கேட்டுத் தெருன்னு எழுதுங்க."

"இங்க ஏதும்மா தெரு?"

"ரெண்டு பக்கமும் வீடு இருக்கு, நடுவுல ஆள் நடக்காக. வேற என்ன வேணும்?"

அவர் அடித்துவிட்டு எழுதினார். முதல் வீட்டில் 'சங்கரசுப்பு, அவர் சம்சாரம்' என்று எழுதியதையும் அடிக்க வைத்தாள். "எனக்குப் பேரு இருக்குய்யா. ஆவுடையம்மாள்." அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் பெயரைச் சொன்னாள். சிலர் கதவுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார்கள். இருட்டும் முன்பு நாற்பது வீடும் முடிந்தது. மறுநாள் பால் பழையபடி ஊருக்குள் போனது.

பட்டியல் வெளியானபோது மூன்று வீடுகள் விட்டுப்போயிருந்தன. ஆவுடையம்மாள் இரண்டு தடவை அலைந்து சேர்க்க வைத்தாள்.

ஐம்பத்திரண்டு தை மாதம் ஓட்டுப் பதிவு. அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி. கேட்டுத் தெருப் பெண்கள் மொத்தமாகக் கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். ஜுலைகா பீவியின் முறை வந்தபோது அதிகாரி காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பட்டியலில் 'சுலேகா' என்று இருந்தது.

"பேரு ஒத்துப்போகலை. தள்ளி நில்லும்மா."

அடுத்து நின்றது ஆவுடையம்மாள். அவள் முன்னால் வரவில்லை.

"அவ போடாம நாங்க ஒருத்தரும் நகர மாட்டோம்யா. தெருப் பேரப் பாருங்க, அவ புருஷன் பேரப் பாருங்க. வேற யாரு அந்தப் பேர்ல இருக்கா?"

அதிகாரி தலையைத் தூக்கி, அவளுக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. அவர் மேஜையருகே உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டுகளிடம், ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் சங்கரசுப்பு காத்திருந்தார். அவர் ஓட்டைக் காலையிலேயே போட்டுவிட்டார். ஆவுடையம்மாள் வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்தப் பெட்டியில போட்ட?"

"அத ஏன் ஒங்ககிட்டச் சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.