இரண்டு மடங்கு வெளிச்சம், பாதித் தூரம்

காரின் முன்விளக்குகளை மாற்றியதும் வெளிச்சம் இரண்டு மடங்கானது. ஆனால் என் மனைவிக்குச் சாலை தெரியும் தூரம் பாதியானது. இது எப்படி என்று பத்து நாளாக எனக்குப் பிடிபடவில்லை.

அவள் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழெட்டு வீடு. கடைசி வீட்டுக்குப் போகும் வழி கால்வாயை ஒட்டிய சாலை. அதில் தெருவிளக்கு கிடையாது. பெட்டி செய்யும் தொழிற்சாலை விட்டு வருகிறவர்கள் அதன் ஓரமாகத்தான் நடந்தும் சைக்கிளிலும் வீடு திரும்புவார்கள். எங்களுடையது ஹைபிரிட் கார். மெதுவாகப் போகும்போது எஞ்சின் தூங்கிவிடும், மின்மோட்டார் மட்டும் ஓடும், சத்தமே இருக்காது. பின்னால் வண்டி வருவது நடப்பவர் காதில் விழாது என்பதால், அவர் விலகுவார் என்று நம்பி ஓட்ட முடியாது. ஓட்டுகிறவள்தான் அவரைப் பார்த்தாக வேண்டும்.

ஒரு வருடமாக விளக்குகள் மங்கிக்கொண்டே வந்தன. கடைவீதியில் கார் அலங்காரக் கடை வைத்திருப்பவரிடம் போனேன். கடைக் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் ஊரே அவரை ‘ஸ்டிக்கர்’ என்றுதான் கூப்பிடும். எச்.ஐ.டி. பல்பு போட்டுவிடலாம் என்றார். பழையது ஐம்பத்தைந்து வாட், இது முப்பத்தைந்துதான், ஹைபிரிட் வண்டிக்கு இதுதான் பொருத்தம், பேட்டரி மிச்சம் என்றார். ஏசி போட்டால் ஆயிரம் வாட்டுக்கு மேல் தின்கிற வண்டியில் இருபது வாட் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று அப்போதே எனக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. புதுப் பல்பைக் கையில் வாங்கிப் பார்த்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அதற்குள் சுருள் கம்பியே கிடையாது. கடலை அளவு கண்ணாடிக் குமிழுக்குள் எதிரெதிராக இரண்டு முனைகள், நடுவில் வாயு. பேலஸ்ட் என்கிற சின்னப் பெட்டி ஒரு கணம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, அந்த இடைவெளியில் பொறியைப் பாயவைக்கும். அதன்பின் பொறி அணையாமல் நின்று எரியும். குட்டி மின்னலைப் புட்டிக்குள் பிடித்துவைத்த மாதிரி. இதையெல்லாம் அன்று சாப்பிடும்போது மனைவியிடம் விளக்கினேன். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கும் நான் புரொஜெக்டரைப் பற்றித்தான் பேசினேன் என்று சொல்லிவிட்டு, அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் சினிமா தியேட்டரில் புரொஜெக்டர் பராமரிப்பவன்.

மூன்றாம் நாள் மாலை கால்வாய்ச் சாலையில் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். அவள் பிரேக்கை மிதித்ததில் வண்டி நின்றுவிட்டது. அவர் பதறிப் புதரில் விழுந்தார். அடி இல்லை, திட்டு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னாள். பானெட்டுக்கு முன்னால் பட்டப்பகல், அதற்கு அப்பால் கறுப்புத் துணி கட்டினாற்போல் ஒன்றும் தெரியவில்லை என்றாள். எதிரே வருகிறவர்கள் வேறு விளக்கை அடித்து அடித்துக் காட்டுகிறார்களாம்.

ஸ்டிக்கரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒட்டிக்கொண்டிருந்த வேலையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“வெளிச்சம் பத்தலைன்னு சொல்ற முதல் ஆளு உங்க வீட்டம்மாதான் சார். ஒருதரம் கண் டாக்டர்கிட்ட காட்டிருங்க.”

அங்கே எனக்கு வந்த கோபத்தை விட, அதை வீட்டில் வந்து சொன்னபோது அவளுக்கு வந்த கோபம் பெரிது. மறுநாளே கண் டாக்டரிடம் போய்வந்து, சீட்டை என் முன்னால் வைத்தாள்.

“கடைசி வரிசைப் பொடி எழுத்து வரைக்கும் படிச்சிட்டு வந்திருக்கேன். இதையும் அந்தாள் கடைக் கண்ணாடியில ஒட்டச் சொல்லுங்க.”

ஆனால் அதற்குள் சைக்கிள்காரர் விழுந்த கதையும், ஸ்டிக்கர் அவள் கண்ணைப் பற்றிச் சொன்ன பேச்சும் அவளுடைய மேற்பார்வையாளர் அம்மாவின் காதுக்குப் போய்விட்டன. திங்கட்கிழமையிலிருந்து மாலைச் சுற்றை வேறு நர்ஸுக்கு மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டார். கடைசி வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற தையல்காரர், சர்க்கரை வியாதிக்காரர். அவர் காலில் இருந்த உள்ளங்கை அகலப் புண்ணை நாலு மாதமாகப் பார்த்துப் பார்த்து நகத்தளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். இந்த நேரத்தில் கை மாறினால் என்ன ஆகும் என்பதை நினைத்து அவள் சரியாகத் தூங்கவில்லை. பதினான்கு வருடம் ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டியவளை, ஒரு பல்பை மாட்டியவன் சொன்ன ஒரு வார்த்தையில் கண் தெரியாதவள் ஆக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை தியேட்டரில் புரொஜெக்டர் விளக்கை மாற்றினேன். அதுவும் இதே ஜாதி விளக்குதான். இரண்டு முனை, நடுவே பொறி. மாட்டி எரியவிட்டால் திரையின் ஒரு மூலை இருட்டாக இருந்தது. விளக்குக்குப் பின்னால் குழிந்த கண்ணாடி ஒன்று இருக்கும். பொறி அந்தக் கண்ணாடியின் சரியான புள்ளியில் நின்றால்தான் வெளிச்சம் முழுதும் திரைக்குப் போகும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் திரை கெட்டுவிடும். அதற்காகவே மூன்று திருகுகள் வைத்திருக்கிறார்கள். முதல் திருகைக் கால் சுற்றுத் திருப்பினேன். மூலை தெளிந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது. பதினாறு வருடமாக விளக்கைக் கண்ணாடிக்குப் பொருத்துவதே பிழைப்பாக இருப்பவன், காரில் மட்டும் கண்ணாடி ஒன்று இருப்பதையே மறந்திருக்கிறேன்.

கார் விளக்கின் குழிக்கண்ணாடியைச் செய்தவர்கள் அதைச் சுருள் கம்பிக்கென்றே கணக்குப் போட்டு வளைத்திருக்கிறார்கள். கம்பி மெல்லியது, நேரானது, இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது. பொறி அப்படியல்ல, தடிமனாக, நடுவில் வில்லாக வளைந்து எரியும். அதைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடிக்குள் வைத்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். மேலே சிதறுவது எதிரே வருகிறவர் கண்ணில் விழும். கீழே சிதறுவது பானெட்டுக்கு முன்னால் கொட்டிக் கிடக்கும். அந்தப் பளபளப்பில் ஓட்டுகிறவளின் கண்மணி சுருங்கிவிட, தூரத்தில் இருக்கும் கொஞ்ச வெளிச்சமும் அவளுக்குத் தெரியாமல் போகும். கண் நல்ல கண் என்பதால்தான் சுருங்கியது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் தியேட்டரின் பின்சுவருக்கு எதிரே காரை நிறுத்தினோம். ஒரு பக்கம் மட்டும் பழைய பல்பைத் திரும்ப மாட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், வயரை நுழைப்பதற்காக ஸ்டிக்கர் விளக்கின் பின்மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார். மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே போகும். புதுப் பல்பு இருந்த பக்கம் சுவர் முழுக்க வெள்ளைப் புகை மாதிரி இருந்தது. பழைய பல்புப் பக்கம் படுக்கையாக ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. இருக்க வேண்டியது அந்தக் கோடுதான்.

“கோடு இருக்கு. ஆனா பால்ல நனைச்ச மாதிரி மங்கலா இருக்கே” என்றாள். குனிந்து விளக்கின் வெளிமூடியை விரலால் தடவினாள். “இது என்னங்க, சொரசொரன்னு, மஞ்சளா? மேல கட்டு மட்டும் மாத்திட்டு இருந்தா ஆகுமா? புண்ணைப் பாக்க வேணாமா?”

அவள் சொன்னது சரி. மூடி பிளாஸ்டிக். வெயில் பட்டுப் பட்டு மேல்பூச்சு பொரிந்து மஞ்சள் அடித்திருந்தது. ஒரு வருடமாக மங்கியது பல்பு அல்ல, மூடி.

ஞாயிற்றுக்கிழமை காலை புது எச்.ஐ.டி. சாமான்களைப் பெட்டியில் போட்டு ஸ்டிக்கரிடம் கொண்டுபோனோம். பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்டது நான்தானே, பளிச்சென்று இருந்ததா இல்லையா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். நான் கேட்டது அதுதான். மனைவி முன்னால் வந்தாள்.

“எனக்குப் பளிச்சுன்னு வேணாங்க. ரோட்டுல ஆள் தெரியணும். அது முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கணும். என் கண்ணைச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவர் பெட்டியை வாங்கி மேஜைக்கு அடியில் தள்ளினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. நாங்கள் காத்திருக்கவும் இல்லை.

அன்று மாலையே மேற்பார்வையாளர் அம்மாவை வண்டியில் உட்காரவைத்துக் கால்வாய்ச் சாலைக்கு அழைத்துப்போனாள். நான் பின்சீட்டில். எதிரே வந்த மூன்று வண்டிகளில் ஒன்றுகூட விளக்கை அடித்துக் காட்டவில்லை. வெகு தூரத்தில் ஓரமாக ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதை அந்த அம்மா கைகாட்டிச் சொன்னார். என் மனைவி அதற்குள் வேகத்தைக் குறைத்திருந்தாள். தையல்காரரின் காலுக்கு மறுநாள் யார் கட்டு மாற்றுவது என்று அவள் கேட்டாள். நீதான், வேறு யார் என்றார் அந்த அம்மா.

அன்று அந்தச் சாலைக்குக் கிளம்பும் முன் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: வண்டியோடு வந்த வகைப் பல்பையே புதிதாக இரண்டு வாங்கி மாட்டினோம். பின்மூடிகளை மாற்றினோம். வெளிமூடியைத் தண்ணீர் விட்டு, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைசான தாள் வரைக்கும் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயில் தாங்கும் பூச்சு அடித்தோம். அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, சுவருக்கு எட்டு மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் குறித்து, அந்தக் குறிக்கு எட்டு சென்டிமீட்டர் கீழே கோடு விழும்படி விளக்கின் திருகைத் திருப்பிவைத்தோம்.