கண்ணிமையில் கரி

ஸ்கார்த்வெல் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் பின்னறையில் அன்று பிற்பகல் நான்கு பேர் இருந்தார்கள். மேசையின் தலைமாட்டில், வெந்நீர்க் குழாயின் சூட்டுக்கு முதுகைக் கொடுத்தபடி தலைவர் கிளிஃப் பேரக்லஃப். அவருக்கு வலப்பக்கம் குறிப்பேடும் இரண்டு பேனாக்களுமாகச் செயலாளர் ஈனிட் ஆக்ராய்ட். எதிரே, மடியில் ஒரு செருப்புப் பெட்டியோடு ஜேனிஸ் மெல்லர். சமையலறைச் சன்னலை ஒட்டி, தேநீர்க் கெண்டியைக் காவல் காத்தபடி வின்னி. வர இயலாத இருவரின் பெயரையும் காரணத்தையும் ஈனிட் எழுதிக்கொண்டாள்.

வேலை ஒன்றுதான். எண்பத்து நான்காம் வருஷத்து வேலைநிறுத்தம் தொடங்கி முப்பதாண்டு ஆனதற்கு ஒரு சிறு புத்தகம் தயாராகியிருந்தது. அதன் கடைசிப் பக்கம், கடைசி நாள்வரை உள்ளே இறங்காமல் நின்றவர்களின் பெயர்ப் பட்டியல். மறுநாள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பட்டியலில் முதல் பெயர் வில்ஃப் ஆக்ராய்ட். அப்போது சங்கத்தின் கிளைச் செயலாளர், ஈனிட்டின் கணவன், இறந்து ஐந்து வருஷம். பட்டியலில் இல்லாத பெயர் ராலண்ட், ஈனிட்டின் தம்பி. வேலைநிறுத்தத்தின் நடுவே சுரங்கத்தில் இறங்கியதால் ஊர் அவனைக் கருங்காலி என்றது. ஈனிட்டும் அவனோடு பேசி முப்பது வருஷமாகிறது.

வின்னி ஊற்றிய தேநீரைக் கிளிஃப் ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த வருஷம் இதைக் கொடுத்திருந்தால் போலீஸ் குதிரையெல்லாம் தானாகவே திரும்பிப் போயிருக்கும் என்றார். குடித்தே தீர வேண்டுமென்று யாரும் அழவில்லை என்றாள் வின்னி.

ஜேனிஸ் பெட்டியைத் திறந்தாள். அவள் அப்பா சிட்னி சுரங்கத்தில் ஷிப்டு மேற்பார்வையாளர். மேற்பார்வையாளர்களுக்குச் சங்கமே வேறு. வேலைநிறுத்தத்தின்போதும் கூரையையும் வாயுவையும் பார்க்க அவர்கள் உள்ளே போய்வந்தார்கள், அதை யாரும் குற்றம் சொல்லவில்லை. போன மாதம் அவர் இறந்தபின், பரணில் அவருடைய ஷிப்டு நோட்டுகள் கிடைத்தன. ஒன்றில் ஒரு துண்டுச் சீட்டு குண்டூசியால் குத்தியிருந்தது.

எதையும் உரக்கப் படித்தபின்தான் பதிவது ஈனிட்டின் வழக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"சிட்னி, கீழ்த்தளப் பம்பு நின்று தண்ணீர் ஏறிவிட்டால் நாங்கள் திரும்பிப் போகச் சுரங்கமே இருக்காது. ராலண்டை அனுப்புகிறேன். வாரத்தில் மூன்று நாள். கமிட்டிக்குத் தெரிய வேண்டாம்..."

கையெழுத்துவரை போகவில்லை. அந்த எழுத்தின் சாய்வு அவளுக்குத் தெரியும். நாற்பது வருஷம் மளிகைச் சீட்டிலும் பிறந்தநாள் வாழ்த்திலும் பார்த்த, வில்ஃபுடைய சாய்வு. தேதி நவம்பர் ஆறு. அதற்கு மூன்று வாரம் முன்புதான், பம்புக்குக்கூட உறுப்பினர் யாரும் இறங்கக் கூடாதென்று கமிட்டி முடிவெடுத்தது. வாக்குக்கு உயர்ந்த கைகளை எண்ணியவன் வில்ஃப்.

 

ராலண்ட் மாட்டிக்கொண்டது எப்படி என்பது ஊரறிந்த கதை. எட்டு மாதம் இறங்காததில் எல்லார் முகமும் மாவுபோல் வெளுத்திருந்தது. சுரங்கக் கரியை எந்தச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் இமையோரத்தில் ஒரு கோடு தங்கிவிடும். ஒரு வியாழக்கிழமை இதே மன்றத்துக்குள் ராலண்ட் அந்தக் கோட்டோடு வந்தான். பார்த்துச் சொன்னவர் கிளிஃப். "என்னடா ரோலி, கண்ணுக்கு மை தீட்டிக்கிட்டு வந்திருக்கே?" கூட்டம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகக் குவளையைக் கவிழ்த்து வைத்து முதுகைக் காட்டினார்கள். வேறு சாட்சி யாரும் கேட்கவில்லை. சுரங்கத்தாருக்கு அந்தக் கோட்டைவிடப் பெரிய சாட்சி ஏது? முதலில் முதுகைக் காட்டியவன் வில்ஃப்.

"எனக்குத் தெரியாது ஆன்ட்டி," என்றாள் ஜேனிஸ். "அப்பா ஒரு வார்த்த சொன்னதில்ல. தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட தனியா குடுத்திருப்பேன்."

கிளிஃப் சீட்டை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பெட்டியிலயே போட்டுடு கண்ணு. செத்தவன் வந்து பதில் சொல்ல முடியாது."

"உயிரோட இருக்கறவன் முப்பது வருஷமா பதில் சொல்லலியே, கிளிஃப்," என்றாள் ஈனிட்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் அவளுக்கு உடனே புரிந்தது. கிளைச் செயலாளரே ஆள் அனுப்பினான் என்று பத்திரிகைகள் கொண்டாடியிருக்கும். வேலைநிறுத்தம் அந்த வாரமே ஆட்டம் கண்டிருக்கும். அதற்காகத் தம்பி வாயை மூடிக்கொண்டான். சரி. வேலைநிறுத்தம் முடிந்தபின்? அடுத்த வருஷம் சுரங்கத்தையே மூடியபின்? இருபத்து நாலு வருஷம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்களே, அவள் தம்பியைச் சபித்தபோதெல்லாம் வில்ஃப் உருளைக்கிழங்குக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தானே? அம்மாவின் சாவுக்கு ராலண்ட் வந்து தேவாலய வாசலில் மழையில் நின்றான். அவள் கால் ஒரு கணம் தயங்கியது. முழங்கையைப் பிடித்து, "திரும்பாத" என்றது வில்ஃப்தான். அந்தப் பிடி இப்போது சுட்டது.

வின்னி கெண்டியைப் பார்த்தபடியே பேசினாள்.

"ராலண்டு பொண்டாட்டி அப்ப இங்க ஊத்துன இலவச சூப்புக்குச் சட்டியோட வந்து நின்னா. இடுப்புல ரெண்டு வயசுப் புள்ள. உனக்கு இங்க இல்லன்னு கதவச் சாத்துனது நான். அந்தப் புள்ள சட்டிய எட்டிப் பாத்துச்சு."



புத்தகம் நாளைக்குப் போகாது என்றாள் ஈனிட். வாக்கெடுக்காமல் நிறுத்த முடியாது என்றார் கிளிஃப். பழக்கம் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. எடுங்கள் என்றாள். வின்னியின் கை உயர்ந்தது, ஜேனிஸின் கை உயர்ந்தது, தன்னுடையதையும் சேர்த்து மூன்று என்று ஈனிட் எழுதினாள். கிளிஃப் மேசைமேல் கிடந்த தன் கையை யாருடையதோபோல் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த்தவர் யாருமில்லை, ஒருவர் கை தூக்கவில்லை என்று பதிந்து, சீட்டையும் ஒரு தாளில் நகலெடுத்துக்கொண்டு குறிப்பேட்டை மூடினாள்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தாள். வலது மூலையில் முகவரியும் தேதியும் போட்டாள். 'அன்புள்ள' என்று தொடங்க உரிமை உண்டா என்று யோசித்து, வெறும் பெயரைப் போட்டாள்.

"ராலண்ட், வில்ஃப் சிட்னிக்கு எழுதிய சீட்டு இன்று கிடைத்தது. நகல் இத்துடன். எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதலாம். ஆனால் நான் உன்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கடைசிவரை நின்றவர்கள் பட்டியலில் உன் பெயரும் வர வேண்டும். வில்ஃபின் பெயர் இருப்பதா வேண்டாமா என்பதை நீ சொல். உன் பதில் வரும்வரை புத்தகம் அச்சுக்குப் போகாது. பதில் எழுத உனக்கு மனமில்லை என்றால் அதுவும் நியாயமே. ஈனிட்."

உறையில் முகவரியை எழுத அவளுக்கு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஸ்கெக்னஸ் கடற்கரையிலிருந்து ராலண்ட் அனுப்பும் வாழ்த்தை, பிரிக்காமலே வேறு உறையில் இட்டு, இதே முகவரியைத் தன் கைப்பட எழுதித் திருப்பி அனுப்பியவள் அவள். போன கிறிஸ்துமஸுக்கும் அனுப்பியிருந்தாள்.

பசையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். ஓரங்களை நகத்தால் இரண்டுமுறை அழுத்தினாள். ஐந்தரைக்குத் தபால் எடுப்பார்கள். மணி ஐந்தே கால். தெருமுனைச் சிவப்புப் பெட்டிவரை வேகமாக நடந்தாள், உறையை வாய்க்குள் செருகி, அது உள்ளே விழும் சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.